பதினேழாவது நிமிஷத்தில் ஒரு வீடு

இது நடந்தது. பேய்க் கதை கட்டுகிறவர்கள் சுடுகாடு, புளியமரம், அமாவாசை எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்வார்கள். இதில் அது ஒன்றும் கிடையாது. பட்டப்பகல். சித்திரை மாச வெயில். மொட்டை மாடியில் காயப்போட்ட கூழ் வத்தல்... அவ்வளவுதான். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் மட்டும் தட்டை ஓரமாக வைத்துவிட்டு வாருங்கள். பிறகு குமட்டுகிறது என்று குறை சொல்லக் கூடாது.

வருஷம் 1959. உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகிற பஸ்ஸில் ஏறிப் பாதி வழியில் இறங்கினால் அந்த ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம். அந்தக் குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. மாடி வைத்துக் கட்டின, ஊருக்கே ஒரே மெத்தை வீடு தாண்டவராயனுடையது. அவர் விடிந்தால் கழனி, இருட்டினால் வீடு. வீட்டுக்குள் நடப்பதெல்லாம் அவர் மனைவி தாயாரம்மாளின் ராஜ்ஜியம்.

தாயாரம்மாளின் சுத்தம் சாதாரணச் சுத்தமில்லை. தண்ணீரையே கழுவிக் குடிக்கிறவள் என்று ஊரில் கேலி பேசுவார்கள். எதிரில் யாராவது தும்மிவிட்டால் போதும், வடித்த சோறு மொத்தமும் மாட்டுத் தொட்டிக்குப் போய்விடும். வத்தல் காய்கிற நாட்களில் காக்காய் ஓட்டுவதற்குப் பாக்கியமேரி வருவாள். ஐந்து பிள்ளை பெற்றவள், நாலு ஊர்க் கழனியில் நாற்று நட்ட கை. அந்தக் கை நட்ட நெல்லைத்தான் தாயாரம்மாள் வீட்டில் சோறாக்கித் தின்றார்கள். ஆனால் வத்தலை மட்டும் அந்தக் கை தொடக் கூடாதாம்! மாடியில் ஒரு மூலை, கையில் ஒரு நீளக் கழி. பத்தடி தள்ளி உட்கார்ந்து காக்காயை ஓட்டலாம், கிட்டே வரக் கூடாது. என்ன சுத்தமோ, என்ன கண்றாவியோ!

அந்த வருஷம் தாயாரம்மாளின் ஒரே மகள் ஆண்டாள் பிரசவத்துக்காகத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். ஒன்பதாம் மாசம் நடந்துகொண்டிருந்தது. கல்யாணமாகி ஏழு வருஷம். அதற்குள் இரண்டு கர்ப்பம் கலைந்துபோயிருந்தது. இதுவும் தங்காவிட்டால் பையனுக்கு வேறு பெண் பார்ப்போம் என்று புள்ளலூரில் இருந்த மாமியார்க்காரி ஜாடையாகச் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். அதனால் தாயாரம்மாள் மகளைத் தரையில் கால் ஊன்ற விடவில்லை. இந்த ஒரு பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும். அவளுக்கு வேறு நினைப்பே கிடையாது.

தாயாரம்மாளுக்கு ஒரு தம்பி. தாமோதரன் என்று பெயர். மீனம்பாக்கம் ஏரோட்ராமில் சாமான்களை நிறுத்து விமானத்தில் ஏற்றுகிற வேலை. லீவில் வரும்போதெல்லாம் அவன் பெருமை தாங்காது.

"கேட்டுக்கோக்கா. மெட்ராஸ்லேர்ந்து திருச்சிக்கு ஆகாச வழியா நூத்தியெம்பது மைலு. ஒரு மணி இருவது நிமிஷத்துல போயிடும். காலைல பத்தரைக்குக் கெளம்புது. உன் வூடு பதினேழாவது நிமிஷம். ஞாயித்துக்கெயமை மட்டும் கெடையாது."

மாடி அறையில் இருந்த கடிகாரத்தைத் தன் கைக்கடிகாரத்தோடு ஒத்துப்பார்த்துச் சாவி கொடுத்துவிட்டுப் போவான். அவன் சொன்னது ஒரு நிமிஷம் பிசகியதில்லை. காலை 10.47க்கு வடக்கே 'ம்ம்ம்' என்று சத்தம் கிளம்பும். 10.49க்குத் தெற்கே தேய்ந்துபோகும். கழனியில் இருப்பவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் கஞ்சிக்குக் கரையேறுவார்கள்.

சித்திரை கடைசிப் புதன்கிழமை.

தாயாரம்மாள் விடியற்காலையில் கூழ் கிண்டி, ஈர வேட்டியில் வரிசை வரிசையாக வத்தல் ஊற்றியிருந்தாள். 10.47க்குச் சத்தம் வந்தது. 10.49 ஆயிற்று. சத்தம் போகவில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள். வெயிலில் கண் கூசியது, ஒன்றும் தெரியவில்லை. சத்தம் மட்டும் தலைக்கு நேர் மேலே நின்றது. பாரம் ஏற்றிய வண்டி மேட்டில் ஏற முடியாமல் முக்குகிற மாதிரி ஒரு முக்கல். 10.55 வரைக்கும் அப்படியே நின்றது. பிறகு மெல்லத் தெற்கே நகர்ந்தது.

பட்... பட்... பட்...

வேட்டியில் ஏதோ சொட்டியது. வெளிறின மஞ்சள் நிறம். தொட்டாள், பிசுபிசுத்தது. விரலை மூக்கின் அருகே கொண்டுபோனாள். புளித்துக் கெட்டுப்போன ஒரு வாடை அடித்தது.  மேலே பறந்து போகிறவன் கீழே எதைச் சொட்டவிடுவான்? நொடியில் விளங்கிவிட்டது.

"அடக் கருமமே! ஏரோப்ளேன்காரன் மேலேர்ந்து மூத்தரம் போறான்டி மேரி!"

பாக்கியமேரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். தாயாரம்மாளுக்கு ஆத்திரம் உச்சிக்கு ஏறியது. வானத்தைப் பார்த்துக் கையை நீட்டிக் கத்தினாள்.

"வயித்துல கீறத சொமந்துகினு போவ முடியலன்னா இங்கியே எறக்கி வெச்சிட்டுப் போயேன்! எறக்கி வை! எறக்கி வெச்சிட்டுப் போ!"

வத்தல் முழுவதும் குப்பைக் குழிக்குப் போனது. வேட்டி நெருப்பில் போனது. அவள் சீயக்காய் போட்டு இரண்டு தரம் தலை முழுகினாள். ஆனால் ஒன்று. குப்பைக் குழியில் கிடந்த அந்த வத்தலை ஒரு காக்காய்கூடத் தொடவில்லை. தெருநாய் மோந்து பார்த்துவிட்டுப் பின்னுக்கு நகர்ந்தது. எறும்பு மட்டும் கரேல் என்று மொய்த்தது.

"எந்தச் சர்க்கரை வியாதிக்காரனோ... த்தூ!" என்றாள் தாயாரம்மாள்.

வியாழக்கிழமையும் 10.47க்குச் சொட்டியது. வெள்ளிக்கிழமையும் சொட்டியது. சனிக்கிழமை அவள் வத்தலுக்கு மேலே இன்னொரு வேட்டியைப் போட்டு மூடினாள். சத்தம் வந்து போனதும் தொட்டுப் பார்த்தாள். மேல் வேட்டி மொறமொறவென்று காய்ந்திருந்தது. அப்பாடா என்று அதைத் தூக்கினாள்.

அடியில் இருந்த வத்தலெல்லாம் நனைந்திருந்தது.

அன்றைக்கே தம்பிக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டாள். 'உங்கள் பைலட்டுக்கு அவசரம் என்றால் இன்னும் கொஞ்ச தூரத்தில் செய்யாற்று மணல் இருக்கிறது, அங்கே போய்க்கொள்ளச் சொல்லவும். நாங்கள் சோறு தின்கிறவர்கள்.'

ஞாயிற்றுக்கிழமை பாக்கியமேரி கோயிலுக்குப் போய்விட்டாள். விமானமும் கிடையாது. நிம்மதியாக வத்தல் காயும் என்று தாயாரம்மாள் தனியாக மாடியில் உட்கார்ந்திருந்தாள். ஓட்டுவதற்குக் காக்காய்கூட வரவில்லை. புதன்கிழமையிலிருந்தே அந்த வீட்டு மேல் காக்காய் பறக்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

10.47.

'ம்ம்ம்...'

இன்றைக்கு ஏது விமானம்? கண்ணுக்கு மேல் கையை வைத்து வானம் முழுக்கத் தேடினாள். ஒரு மேகமில்லை. ஒரு பறவையில்லை. சத்தம் மட்டும் தலைக்கு மேலே நிற்கிறது. முக்குகிறது. குனிந்தாள். வேட்டியின் மேல் ஒரு நிழல் விழுந்திருந்தது. இறக்கை இல்லை, வால் இல்லை. ஆள் நீளத்துக்கு ஒரு பெட்டியின் நிழல்.

பட்... பட்...

தாயாரம்மாள் படியில் உருண்டு விழாத குறையாக இறங்கினாள். யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் இதையெல்லாம் எப்படிச் சொல்வது?

அந்தப் பிள்ளைத்தாய்ச்சிதான் சரியாக இல்லை. மூன்று நாளாக ஆண்டாள் சோற்றைத் தொடவில்லை. கஞ்சி கொடுத்தாலும் ஓங்கரித்துத் துப்பினாள். பட்டினி கிடக்கிறவள் வாட வேண்டாமா? முகம் மினுமினுத்தது. கன்னம் உப்பியது. தலை வாரிவிடக் கிட்டே போனபோது அவள் வாயிலிருந்து ஒரு வாடை வந்தது.

புளித்த வாடை.

தாயாரம்மாளுக்கு அந்த வாடை தெரியும். ஆனால் எங்கே என்று யோசிக்க மனம் வரவில்லை. பல் துலக்கவில்லை போலிருக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை. வத்தல் வேலையே வேண்டாம் என்று மாடிக் கதவைத் தாழ் போட்டிருந்தாள். பாக்கியமேரியையும் வர வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். அடுப்படியில் இருந்தவள் மகளைக் கூப்பிட்டாள். பதில் இல்லை. அறையில் போய்ப் பார்த்தாள். பாய் காலியாக இருந்தது.

மாடிப்படியில் ஈரக் கால் தடம். ஒன்று விட்டு ஒன்று... மேலே போயிருந்தது.

கதவு திறந்திருந்தது.

அறைக் கடிகாரம் 10.46.

ஆண்டாள் மாடி நடுவில் வெயிலில் நின்றிருந்தாள். இரண்டு கையாலும் வயிற்றை அடியிலிருந்து தாங்கியிருந்தாள். கண் மூடியிருந்தது. முகம் வானத்தைப் பார்த்து நிமிர்ந்திருந்தது.

வாய் திறந்திருந்தது.

10.47.

'ம்ம்ம்...'

ஒரு சொட்டு. நேராக வாய்க்குள்.

மடக்.

இன்னொரு சொட்டு.

மடக்... மடக்...

"ஐயையோ! துப்புடி! துப்புடி பாவி!"

தாயாரம்மாள் பாய்ந்து போய் இழுத்தாள். தன் விரலையே மகள் வாய்க்குள் விட்டுத் தோண்டினாள். நாக்கு முழுக்க மஞ்சளாக, ஏடு ஏடாக வழவழத்தது. தும்மினால் சோற்றைக் கொட்டுகிறவள் அதை வெறும் விரலால் வழித்து வழித்து எறிந்தாள். சீ, சீ, சீ என்று அழுதாள்.

ஆண்டாள் கண்ணைத் திறந்தாள்.

"இனிக்குதும்மா."

"இன்னாடி சொல்ற?"

"அவங்களேதான் குடுக்கறாங்க. பாவம்மா... சொமக்க முடியலியாம்."

"யாருடி?"

ஆண்டாள் உதட்டை நக்கிக்கொண்டாள்.

மறுநாள் புதன்கிழமை, காலை முதல் பஸ்ஸிலேயே தாமோதரன் வந்து இறங்கினான். கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலிருந்தே சிரித்தான்.

"அக்கா, ஆபீஸே சிரிச்சுது போ! ப்ளேனுக்குள்ள அதுக்குன்னு தனியா தொட்டி கீது. திருச்சிக்குப் போயித்தான் எடுத்துக் கொட்டுவாங்க. நடுவுல ஒரு சொட்டுகூட வியாது."

தாயாரம்மாள் சிரிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மகள் வாயைத் துடைத்த துணியை மூலையிலிருந்து குச்சியால் தள்ளிக் காட்டினாள். தாமோதரன் மூக்கைப் பொத்திக்கொண்டான். அப்போது சாணி வார வந்திருந்த பாக்கியமேரி, கேட்காமல் கொள்ளாமல் உள்ளே வந்து அந்தத் துணியைக் கையில் எடுத்தாள். மோந்து பார்த்தாள். இரண்டு விரலால் நிமிண்டிப் பார்த்தாள். அவள் முகம் மாறிப்போனது.

"அம்மா... இது மூத்தரம் இல்ல. சீம்பாலு. பெத்தவளுக்கு மொத மொத ஊறுமே, அந்தத் தாய்ப்பாலு. வெயில்ல கெட்டுப்போயி கீது."

"மொத நாளே சொல்றதுக்கு இன்னாடி?"

"பத்தடி தள்ளி ஒக்கார வெச்சீங்களே. தொட்டாத்தானே தெரியும்?"

 தாமோதரன் மெதுவாகக் கேட்டான்.

"அக்கா... என்னிக்கு மொத மொத சொட்டிச்சு?"

"போன பொதங்கெயமை."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். 

"அன்னிக்கு அந்த ப்ளேன்ல ஒரு பெட்டி போச்சுக்கா. நான்தான் ஏத்தினேன். திருச்சிப் பக்கத்துப் பொண்ணு. பிரசவத்துக்கு மெட்ராஸ் வந்து... கொயந்த வெளிய வராமயே போயிட்டா. வயித்தோட அப்படியே பெட்டில வெச்சு ஊருக்கு எடுத்துகினு போனாங்க."

பாக்கியமேரி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"வயித்துச் சொமையோட செத்தவளுக்கு ரோட்டோரம் சொமதாங்கிக் கல்லு நடுவாங்க. போறவங்க வர்றவங்க சொமைய அதுல எறக்கி வெச்சா, அவ சொமையும் எறங்கும்பாங்க. ஆகாசத்துல யாரும்மா கல்லு நடுவாங்க?" அவள் நிறுத்தினாள். குரல் இறங்கியது. "நீங்கதாம்மா மேல பாத்துக் கூப்ட்டீங்க. எறக்கி வைன்னு."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் தாமோதரனின் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். 10.44.

ஆண்டாளைக் கீழே அறையில் விட்டுப் பாக்கியமேரியைக் காவல் வைத்தார்கள். தாயாரம்மாளும் தாமோதரனும் மாடிக்கு ஓடினார்கள்.

10.47.

சத்தம் வந்தது. இதுவரை இல்லாத அளவுக்குத் தாழ்வாக வந்தது. மாடிச் சுவர் அதிர்ந்தது. தாமோதரன் வானத்தைப் பார்த்தான்... எதுவும் இல்லை. 

தாயாரம்மாள் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினாள்.

"தாயே! தெரியாம சொல்லிட்டேன். இங்க எறக்காத. ஏயு வருஷத்துக்கப்புறம் ஒரே ஒரு கொயந்த தாயே. என் பொண்ணை வுட்டுடு. எடுத்துகினு போயிடு!"

முக்கல்.

இன்னொரு முக்கல்.

10.48.

சத்தம் நின்றது.

தேயவில்லை. தூரமாகப் போகவில்லை. அப்படியே நின்றது.

ஒரு சொட்டும் விழவில்லை.

கீழே...

"அம்மா!"

ஆண்டாளின் குரல். தாயாரம்மாள் படிகளைத் தாண்டித் தாண்டி இறங்கினாள். ஆண்டாள் பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்திருந்தாள். பாக்கியமேரி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"இன்னாடி? வலிக்குதா?"

"வலி இல்லம்மா." ஆண்டாள் மூச்சு வாங்கினாள். "திடீர்னு... ரொம்ப கனமா கீது."

மேலே தாமோதரன் கத்துவது கேட்டது. "அக்கா! இதோ போவுது பாரு! இதுதான் நம்ப ப்ளேனு!" இரண்டு நிமிஷம் தாமதமாக, வெயிலில் வெள்ளியாக மின்னிக்கொண்டு, எந்த முக்கலும் இல்லாமல், நிஜ விமானம் தெற்கே போய்க்கொண்டிருந்தது.

அன்றோடு எல்லாம் விட்டது. மறுநாள் சொட்டவில்லை, அதற்கு மறுநாளும் சொட்டவில்லை. காக்காய் திரும்பி வந்தது. ஆண்டாள் சோறு கேட்டாள், தட்டு தட்டாகச் சாப்பிட்டாள். தாயாரம்மாள் மாடியைப் பதினோரு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். தன் வேண்டுதல் பலித்துவிட்டது, வந்தவள் மனமிரங்கிப் போய்விட்டாள் என்று குலதெய்வத்துக்குப் பொங்கலும் வைத்தாள்.

பன்னிரண்டாம் நாள் ஆண்டாளுக்கு வலி எடுத்தது. உத்திரமேரூரிலிருந்து நர்ஸம்மா வந்தாள். மாசா மாசம் வயிற்றில் குழல் வைத்துப் பார்த்து, ஒரே குழந்தைதான் என்று சொல்லிவந்தவள் அவள்தான்.

இரண்டு பிறந்தது. இரண்டும் பெண். ஒரே முகம், ஒரே நிறம், ஒரே சுருட்டை முடி. கொக்கித் தராசில் துணி கட்டி நிறுத்துப் பார்த்துவிட்டு நர்ஸம்மா வாயைப் பிளந்தாள். இரட்டைப் பிள்ளை இத்தனை கனம் இருந்து தான் பார்த்ததே இல்லை என்றாள். ஆளுக்குச் சரியாக ஏழு பவுண்டு. ஒரு அவுன்ஸ் கூடக் குறைய இல்லை.

புள்ளலூர் மாமியார்க்காரி இரண்டு ஜோடிக் கொலுசோடு ஓடி வந்தாள். ஒன்றுக்கு ரெண்டாகப் பெற்றாளே என் மருமகள் என்று தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள். தாயாரம்மாளுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. பிறந்ததிலிருந்து பதினோரு நாளும் தன் கையாலேயே இரண்டையும் குளிப்பாட்டினாள். எடுத்து எடுத்து முத்தமிட்டாள்.

பெயர் வைக்கிற அன்றைக்குத் தாமோதரன் வந்தான். குழந்தைகளைப் பார்க்கப் போகவில்லை. அக்காவைத் தனியாகக் கொல்லைப்புறம் கூட்டிக்கொண்டு போனான். அவன் முகம் வெளிறியிருந்தது.

"என் வேலைக்கே ஒல வெச்சிடும் போலகீதுக்கா. அந்தப் பொதங்கெயமை ஏத்தின பெட்டிய நான் தப்பா நிறுத்துட்டேன்னு வெளக்கம் எயுதிக் கேக்கறாங்க. மெட்ராஸ்ல நான் நிறுத்தப்போ எரநூத்தி முப்பத்தெட்டு பவுண்டு. திருச்சில எறக்கினதும் ரயிலுக்காக மறுக்கா நிறுத்து வெச்சிருக்காங்க. பெட்டியில ஆணி அசையல. அரக்கு முத்திரை ஒடையல. ஆனா எடை கொறையுது."

"எவ்ளோடா கொறையுது?"

"ஏயு பவுண்டு."

உள்ளே இரண்டு குழந்தையும் ஒரே குரலில் அழ ஆரம்பித்தன. ஆண்டாள் அம்மாவைக் கூப்பிட்டாள். தாயாரம்மாள் போய் வாசற்படியில் நின்று பார்த்தாள். மகளின் இரண்டு பக்கமும் இரண்டு குழந்தை. இரண்டின் கடைவாயிலும் பால் வழிந்துகொண்டிருந்தது. இதில் ஒன்று தன் பேத்தி. ஏழு வருஷம் விரதம் இருந்து கேட்ட பேத்தி. இன்னொன்று... எது?

தாயாரம்மாள் கொல்லைக்கு ஓடிப் போய் வாந்தி எடுத்தாள். வாயைக் கொப்பளித்தாள். இந்தப் பதினோரு நாளும் முத்தமிட்ட உதட்டைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள், தோல் உரிகிற வரைக்கும் தேய்த்தாள்.

அந்தப் பெண்கள் இரண்டு பேரும் வளர்ந்து கல்யாணமாகிப் போய்விட்டார்கள். அத்தனை வருஷமும் தாயாரம்மாள் அவர்களைக் குளிப்பாட்டினாள், சோறு ஊட்டினாள், சடை பின்னிப் பூ வைத்துவிட்டாள். சாகிற வரைக்கும் இரண்டு பேரில் ஒருத்திக்குக்கூட முத்தம் கொடுத்ததில்லை.